சேற்றின் மேல் ஒரு வளவு

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையைப் பெற்றவன் வீடு கட்ட வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். கலியாணம் பேச வருகிறவர்கள் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, வீடு வளவு எந்தப் பக்கம் என்றுதான் அடுத்ததாகக் கேட்பார்கள். கல்முனையிலோ ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயலும் களப்பு என்கிற உப்பங்கழியும். நடுவில் கிடக்கிற ஒடுங்கிய ஊரில் மதிலோடு மதில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. தகப்பன் என்றால் எப்படியாவது கொண்டு வருவான்.

எனக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு நாங்கள் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பின்பக்கத்து அறைக்குள் ஒதுங்கிக்கொண்டோம். இளையவளுக்கு என் மனைவி வழியில் வந்த கடற்கரை வளவு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடல் முதலில் தென்னைகளைச் சரித்தது. பிறகு மதிலைத் தின்றது. ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, கடைசியில் கிணற்றின் வளையங்கள் மட்டும் அலைக்குள் நின்றன. காணி உறுதிக் கடதாசி இன்னும் எங்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. காணிதான் இல்லை.

நான் கடைத்தெருவில் ஒரு பாமசி வைத்திருக்கிறேன். மாத்திரை விற்கிற எனக்கு உள்ளான் பறவைகளோடு என்ன தொடர்பு என்று கேட்டால், எல்லாம் என் தம்பியால் வந்தது. கத்தாரில் இருந்த தம்பி ஒரு முறை தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் களப்போரம் போனேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மாரி பிறந்து களப்பின் ஓரங்களில் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது, பனி உறைகிற நாடுகளிலிருந்து அவை வரும். உள்ளான், உப்புக்கொத்தி, செந்நிறக் காலில் நிற்கிற நெடியவை, ஊசி போல நீண்ட மூக்கைச் சேற்றுக்குள் முழுவதுமாக இறக்கிப் புழு தேடுகிறவை. அங்கே அவற்றுக்குக் கடுங்குளிர். இங்கே எங்கள் சேறு அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. "மனிசன் பொண்டாட்டியக் கூட இப்பிடிப் பாத்ததில்ல" என்று என் மனைவி தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பார்த்துப் பார்த்துத்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. மாரி இப்போது தன் இஷ்டத்துக்கு வருகிறது. பறவைகள் வந்து இறங்கும் நேரம் சில வருஷங்களில் சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கும். வேறு சில வருஷங்களில் ஒரு மாத மழையை வானம் ஒரே மூச்சில் கொட்டிவிடும், களப்பு இடுப்பளவு ஆழமாகிவிடும். இரண்டிலும் அவற்றுக்குப் பட்டினிதான். உள்ளானின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான். தண்ணீர் கூடுகிறது என்று அது காலை நீட்டிக்கொள்ள முடியாது. மேடான இடத்துக்கு ஒதுங்கலாம் என்றால் அந்த மேட்டில் நாங்கள் இருக்கிறோம். கடல் அந்தப் பக்கத்தால் எங்களைத் தள்ள, நாங்கள் இந்தப் பக்கத்தால் களப்புக்குள் கிறவல் மண் கொட்டி நிரப்பி வீடு கட்ட, நடுவில் அவை நிற்கிற சேறு வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது.

இதை நான் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது. என் வாய் சும்மா இருக்காது. தலையிடிக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கும் வகுப்பு எடுத்தேன். தேத்தண்ணிக் கடையிலும், ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலிலும், களப்பில் மண் போடுகிறவர்களை ஏசினேன். வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே போகும், உங்கள் குசினிக்குள்தான் வரும் என்றேன். அல்லாஹ் படைத்ததை நிரப்ப நீங்கள் யார் என்று கூட ஒருவரிடம் கேட்டேன். அவருக்கு நான்கு மகள்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பிறகு என் இளைய மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது.

மாப்பிள்ளை சம்மாந்துறைப் பக்கம். பண்பான பிள்ளை, அரசாங்க வேலை. அவருடைய தகப்பன் வயல் செய்கிறவர், பேச்சில் அவசரமே இல்லாத மனிதர். எங்கள் கடற்கரை வளவுக்கு நடந்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

"மச்சான், எங்களுக்குப் பொம்புளப் புள்ள இல்ல. பெரிய வீடு, சும்மாதான் கெடக்கு. மருமகள் எங்கட வீட்ட வந்து இரிக்கட்டுமே. வீடு வளவெண்டு நீங்க கஷ்டப்பட வேணா."

இப்படி ஒரு சம்பந்தி கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. சிரித்துக்கொண்டே, பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் வீட்டுக்குள் குதித்தேன். மனைவி அழுதாள்.

"ஊரு என்ன கதைக்கும்? வீடு குடுக்க வக்கில்லாம புள்ளய அனுப்பி வெச்சான் எண்டு கதைக்கும்."

மகள் மட்டும்தான் நிதானமாக இருந்தாள்.

"வாப்பா, நான் போறனே. அவங்கட வீட்ட இரிந்தா எனக்கென்ன கொறஞ்சி போகும்?"

"நீ வாயப் பொத்து" என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மகளுக்கு வீடு கொடுக்காத தகப்பன் என்ற பெயரோடு கடை திறந்து உட்கார என்னால் முடியாது. இதுதான் உண்மை. பறவைகளைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் களப்போரத்தில் ஒரு துண்டு வாங்கினேன். ஊருக்குள் நிலம் என் கைக்கு எட்டவில்லை. எட்டியது அந்தச் சேறுதான்.

முதல் டிப்பர் கிறவல் கொட்டிய காலையில் நான் அங்கே நின்றேன். ஒரு கூட்டம் உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு எழும்பி, ஒரு வட்டம் அடித்து, கொஞ்சம் தள்ளி இறங்கியது. அடுத்த லோட் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. அதுகள்தான் போகுதே, இடமா இல்லை என்று மேசன் சொன்னார். நான் ஏசித் திரிந்த எல்லாரும் சொல்லிய அதே வார்த்தை. நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு வீடு முடியும்வரை தொலைநோக்கியைக் கையில் எடுக்கவில்லை. நான்கு மகள்களைப் பெற்ற அந்த மனிதர் ஒரு நாள் பாமசிக்கு வந்து, மருந்தை வாங்கிக்கொண்டு, "வீட்டு வேல எப்பிடிப் போகுது?" என்று மட்டும் கேட்டார். ஒரு குத்தல் கூட இல்லை. குத்தியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கலியாணம் நல்லபடி நடந்தது. புது வீட்டுக்கு இளநீலச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். ஊரார் வந்து பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார்கள். என் மனைவியின் முகம் நிறைந்திருந்தது. நானும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இந்த முறை மாரி பிந்தியது. இனி மழை இல்லை என்று வயல்காரர்கள் தலையில் கை வைத்த பிறகு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டியது. களப்பு பெருகிக் கரை தெரியாமல் போனது. மகளின் வளவுக்குள்ளும் தண்ணீர் வந்தது. நாங்கள் போட்ட கிறவல் அமுங்கி இறங்கியிருந்தது. வீட்டுப் படி வரை முற்றம் முழுக்கத் தண்ணீர், ஆனால் கரண்டைக்கால் அளவுதான். சுற்றிலும் எங்கு பார்த்தாலும் ஆழம். அந்தப் பகுதியிலேயே ஓர் உள்ளான் கால் ஊன்றி நிற்கக்கூடிய இடம் என்று மிஞ்சியது என் மகளின் முற்றம் மட்டும்தான்.

அவை வந்தன. நூற்றுக்கணக்கில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முற்றம் கொள்ளாமல் வந்தன. உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், படிக்குப் பக்கத்தில் எல்லாம் தலை குனிந்து கொத்திக்கொண்டு திரிந்தன. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. மகள் ஜன்னலில் நின்று குரலைத் தாழ்த்தி, "வாப்பா, மெல்ல நடங்க" என்றாள்.

அப்போது அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. வெள்ளம் என்று கேள்விப்பட்டு மாமனாரும் மாமியாரும் பார்க்க வருகிறார்களாம், சந்திக்குக் கிட்ட வந்துவிட்டார்களாம்.

முற்றத்தில் தண்ணீர் நிற்பதற்குச் சமாதானம் சொல்லலாம், இந்த வெள்ளத்தில் யார் வீட்டில் நிற்கவில்லை? ஆனால் முற்றம் நிறைய உள்ளான் மேய்கிற வீட்டுக்கு என்ன சமாதானம்? அது சதுப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். குடையை விரித்து வீசினேன். கை தட்டினேன். வாயில் வந்த சத்தத்தை எல்லாம் போட்டேன். அவை எழும்பின, களப்பின் மேல் சுற்றின, கால் வைக்க இடமில்லாமல் திரும்ப வந்து முற்றத்திலேயே இறங்கின. மறுபடி விரட்டினேன். மறுபடி வந்தன. பறக்கத் தெம்பில்லாத ஒன்று என் காலுக்கு முன்னால் ஓடியது. அதையும் குடையால் தள்ளினேன்.

நிமிர்ந்தபோது சம்பந்தி வாசல் கேற்றடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"விடுங்க மச்சான்" என்றார். "நிக்க எடமில்லாமத்தானே இஞ்ச வந்திரிக்கி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார். வெள்ளத்தைப் பற்றி, வயலைப் பற்றிக் கதைத்தார். புறப்படும்போது, மழை ஓயும்வரை மருமகளும் மகனும் தங்கள் வீட்டில் இருக்கட்டுமே என்று என்னிடம் அனுமதி கேட்டார். மகள் ஏற்கெனவே பையை அடுக்கி வைத்திருந்தாள். என்னால் மறுக்க முடியவில்லை.

அடுத்த நாளே ஊர் கதைக்கத் தொடங்கியது. மகள் மாமியார் வீட்டோடு போய்விட்டாளாமே என்று பாமசியில் வைத்தே இரண்டு பேர் கேட்டார்கள். மனைவி சாப்பிடவில்லை. "இன்னும் நாலு லோட் போட்டு ஒசத்தினா புள்ள வந்திருவாள்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மண் போட்டு உயர்த்தித் தருகிறேன் என்று நான் மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"வேணா வாப்பா" என்றாள் அவள். "நான் இஞ்ச நல்லாத்தான் இரிக்கன். அதுகள் திரும்பிப் போகுமட்டும் மண் போடாதீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாரையும் விட எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை டிப்பர் வந்தது. வெள்ளம் கொஞ்சமும் வடியவில்லை. சாரதி வண்டியைப் பின்பக்கமாகக் கேற்றுக்குள் எடுத்து, தலையை வெளியே நீட்டி, "எவடத்தில கொட்ட?" என்று கேட்டான். உள்ளான்கள் நின்ற இடத்தைக் கையால் காட்டினேன்.