நான்கு காதுக்காரர்களின் கல்யாண முறை

அந்த இனத்துக்கு நான்கு காதுகள் வைத்தது அவன். கல்யாண முறை வைத்தது நான். இரண்டு பேரும் கோவையில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவன் படம் வரைபவன், நான் கதை எழுதுபவள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் விண்வெளி விளையாட்டுக்கு வேற்றுக்கிரக இனம் ஒன்று கேட்டிருந்தார். வறண்ட கிரகம், நெட்டையான உடம்பு, மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிற ஆட்கள். அவர்களுக்குக் குடும்பம், சடங்கு, சண்டை எல்லாம் நான் எழுதித் தர வேண்டும்.

புதிதாக யோசிக்க எனக்குப் பொறுமை கிடையாது. தெரிந்ததை எழுதிவிட்டேன். இந்த இனத்தில் பல கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வக் கல். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது. எங்கள் பக்கத்தில் எப்படியோ அப்படியே. "நம்மூரைத் தூக்கி ஆகாயத்துல வெச்சுப்போட்டீங்க" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் பழக்கம், வீட்டில் சொல்லிவிடலாம் என்கிற கட்டத்துக்கு வந்திருந்தது. இரண்டு வீடும் ஒரே சாதி, அதனால் பிரச்சினை வராது என்று நினைத்தோம். கூட்டம் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கல்யாணத் தரகர் மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு வெட்டி கௌரவம்.

அடுத்த மாதம் காங்கேயம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். நான் லீவு போட்டேன். அவனும் ஏதோ விசேஷம் என்று லீவு போட்டிருந்தான். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் வரிசையில் அவன், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. விருந்தாளியாக வந்திருப்பான் என்று நினைத்தேன். சாப்பிட்டு எழுந்ததும் எங்கள் கூட்டத்துப் பங்காளிகளைச் சன்னதிக்கு அழைத்தார்கள். என் அப்பாவுக்குப் பக்கத்தில் அவனுடைய அப்பா போய் நின்றார். நான் கை கழுவுகிற குழாயை மூடாமலே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசில், "இப்ப என்னங்க பண்றது?" என்றான். அவனைப் பார்த்தால் காதல் வருகிறது, நினைத்தால் அண்ணன் முறை வருகிறது, எதை நம்புவது?

அந்த வாரமே வெளிநாட்டுக்காரரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரே கூட்டத்து இருவர் வேறு வேறு கிரகங்களில் பிறந்தவர்கள். ஆயிரம் வருடமாகப் போக்குவரத்தே இல்லை. அவர்கள் எப்படி அண்ணன் தங்கை? ஆசைப்பட்டுவிட்டால் என்ன வழி? எழுதித் தரவும். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்பாவிடம் போனேன். அம்மா போன பிறகு எண்ணெய் மில்லை விட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் என்னோடு வந்து இருக்கிறவர். சொந்தத்தில் எந்தக் கல்யாணச் சிக்கலானாலும் அவரைத்தான் கேட்பார்கள். படத்தைக் காட்டி, வெளிநாட்டுக்காரர் கேட்டதைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு காதுகளையும் எண்ணிப் பார்த்தார்.

"கிரகம் வேறயா இருந்தா என்ன கண்ணு? கூட்டம் ஒண்ணுன்னா அண்ணன் தங்கச்சிதான்."

"ரெண்டு பேரும் ஆசப்பட்டுட்டாங்களேப்பா."

"தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரியாமத்தானுங்க."

மூன்று நாள் அவருக்கு அதே நினைப்பு. அவர்களுக்குத் தாய்மாமன் உண்டா, கோயில் கல்லைக் கிரகம் விட்டுக் கிரகம் கொண்டுபோகலாமா என்று காபி குடிக்கும்போதெல்லாம் கேட்டார். நான்காம் நாள் அவரே கூப்பிட்டார்.

"வழி இருக்குது அம்மணி. புள்ளைய வேற கூட்டத்துக்காரங்களுக்குத் தத்துக் குடுத்துப்போடோணும். அவங்க மகளா ஆயிட்டா அவங்க கூட்டந்தானே? அவங்களே தாரை வார்த்துக் குடுக்கட்டும். அப்புறம் யாரு தடுக்கறது?"

அவர் முகமெல்லாம் பூரிப்பு. எழுதி அனுப்பினேன், வெளிநாட்டுக்காரருக்கும் பிடித்துப்போனது. அவன் தத்துக் கொடுக்கிற சடங்குக்குப் படமே வரைந்துவிட்டான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லிவிட்டேன். "அப்பா, அந்த ரெண்டு பேரு நாங்கதானுங்க." கோயிலில் உங்கள் பக்கத்தில் நின்றாரே, அவர் மகன் என்றேன். நீங்கள் சொன்ன வழியே இருக்கிறது என்றும் சொன்னேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அப்பாவுக்குக் கோபமா என்று பார்த்தேன். கோபம் மாதிரி தெரியவில்லை.

"அந்தப் புள்ளைக்கு அப்பன் ஒருத்தன் இருக்கறான்னு நீ சொல்லவே இல்லியே கண்ணு" என்றார்.

சரி என்கிறாரா, முடியாது என்கிறாரா? இன்றோடு பத்து நாளாகிறது. வழக்கம்போல் பேசுகிறார், எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறார், அதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. "அப்பா என்ன சொன்னாருங்க?" என்று அவன் தினமும் கேட்கிறான். நேற்று அந்த இனத்துக்கு நான் எழுதியதை எல்லாம் எடுத்துப் படித்தேன். மகளைத் தத்துக் கொடுக்கிற நாளில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பெற்றவன் எங்கே நிற்பான் என்று ஒரு வரிகூட இல்லை.