திரும்பச் சொல்லச் சொன்ன மீன்

இன்று காத்தான்குடியில் போன் திருத்தும் கடையில் காத்திருந்தேன்.

கடைக்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சவூதியில் இருந்து கொண்டுவந்த கேம் ஒன்று டீவியில் ஓடியது. தொட்டிக்குள் மனித முகத்தோடு ஒரு மீன். மைக்கில் பேசிப் பேசித்தான் அதை வளர்க்க வேண்டும். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும்.

வாகரையில் இருந்து வந்த அக்கா ஒருவர் பக்கத்தில் இருந்தார். மீன் அவரைப் பார்த்து ஏதோ கேட்டது.

"வீட்டில எத்தின பேர் எண்டு கேக்குது" என்று காக்கா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. எழும்பி நின்று, அடையாள அட்டையை எடுத்து டீவிக்கு நேரே நீட்டினார். சோதனைச் சாவடிகளில் பழகிய கை.

"பதிவில ஆறு பேர். சுனாமியில நாலு பேரைக் கடல் கொண்டு போயிட்டு. மகனைப் புடிச்சுக்கொண்டு போனவங்க இன்னும் விடல்ல. இப்ப நான் மட்டும்தான்."

மீன் மறுபடி பேசியது.

"விளங்கல்லயாம். திரும்பச் சொல்லட்டாம்" என்றார் காக்கா. இப்போது அவரும் சிரிக்கவில்லை.

அக்கா திரும்பச் சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னார். காக்கா டீவியை நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதீங்க காக்கா. மகனைத் தேடிப் போற ஒபிசுகள்ள ஒருக்கா எழுதிட்டு அனுப்பிடுவாங்க. இதுதான் திரும்பவும் கேக்குது."

திரும்பவும் கேட்கிற ஒபிஸ் ஏதும் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். அதுவரை அக்காவுக்கு அந்த மீன்தான்.