கீழிருந்து வெட்டிய வரிகள்

வலைப்பதிவுகளைப் படிப்பவர்கள் இப்போது அந்தந்தப் பதிவரின் பக்கத்துக்குப் போவதில்லையாம். திரட்டி என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் எழுதியது அதில் வரிசையாக வந்து விழுகிறது. இருந்த இடத்திலேயே எல்லாரையும் படித்து முடித்துவிடலாம். இதைப் புதுமை என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நானும் ஒரு நண்பரும் சிராங்கூன் சாலையில் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறோம். கணினி கிடையாது. கத்தரிக்கோல், பசை, கையால் சுழற்றிப் படியெடுக்கும் ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரம். அதற்குத் 'திரட்டு' என்றுதான் பெயர் வைத்திருந்தோம்.

அப்போது நான் ஒரு நாளிதழில் துணையாசிரியர். மற்றவர் எழுதியதைக் குறைப்பதுதான் வேலை. நண்பர் என்னைவிட மூத்தவர். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் தட்டச்சுப் பள்ளி வைத்திருந்தார். அவருடைய இயந்திரத்தில்தான் ஊரில் பாதித் தாள்கள் அச்சாகும். தாள்கள் என்றால் பத்திரிகைகள் அல்ல. தனி ஆள் ஒருவர் தனக்குத் தோன்றியதை எழுதி, மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, நாலு பக்கமாக மடித்து, மேலே 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக் கொடுப்பது. ஒரு முடிதிருத்தகக்காரர் நகைச்சுவைத் துணுக்குத் தாள் போட்டார். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் கொசுவைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் மாறிமாறி எழுதினார். இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

இவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போய்க் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தகத்தில் தலையை நீட்டி, "வந்துருச்சா?" என்பது. "இல்ல, அடுத்த வாரம்" என்றால் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த இடத்துக்குப் பஸ் ஏறுவது. தாள் இல்லாத நாளிலும் எழுதியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த அக்கா ஒருவர் போட்ட தாளைத்தான் நான் தவறாமல் படித்தேன். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து அங்கேயே கல்யாணமும் ஆனவர். அந்தக் குடியிருப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதமாட்டார். குழாயில் தண்ணீர் நின்ற நாள், மாடிப்படியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, வீட்டுக் கதவெல்லாம் ஏன் ஒரே சாம்பல் நிறம் என்பது. கப்பலுக்குப் பூசியது போக மிஞ்சிய வண்ணம் அது. அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். மாதம் இருமுறை, தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் நின்று தாளைக் கொடுப்பார். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மளிகைக் கடையில் ஒரு கட்டு வைத்துவிடுவார்.

அவர் தாளின் நாலாம் பக்கம் வெற்றாக இருக்கும். உச்சியில் ஒரே வரி: 'நிரப்பித் திருப்பிக் கொடுங்கள்.' அதுதான் அங்கே வழக்கம். படித்தவர்கள் அந்தப் பக்கத்தில் எதையாவது எழுதி, கிழித்து, வாசலிலோ மளிகைக் கடையிலோ கொடுப்பார்கள். அடுத்த தாள் அந்தப் பதில்களிலிருந்து தொடங்கும். கதவைப் பற்றி எழுதியபோது ஒருவர், 'எங்கள் கதவு பச்சை. அது வேறு கம்பெனிக் கப்பல்' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த தாளில் மூன்று பக்கமும் பச்சைக் கதவுதான்.

பிறகு குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அக்காவுக்குக் கிளமெண்டி. அவர் ஸ்டென்சில் கொடுக்க வந்த ஒரு மாலையில் இந்தப் பேச்சு நடந்தது.

"எல்லாரும் நாலா பக்கமும் போயிட்டாங்க தம்பி. இனி அவுங்களுக்குள்ள இருக்குறது இந்தத் தாளு ஒண்ணுதான். இதுவும் நின்னுட்டா யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாமப் போயிடும்" என்றார் என்னிடம்.

நண்பர் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே, "நீங்க ஏங்கா பஸ் ஏறி அலையுறீங்க? நாங்க தபால்ல போடுறோம் லா. உங்களுது, பார்பர் அண்ணனுது, கொசு ஐயாவுது, எல்லாம் ஒரே கவர்ல" என்றார். அவர் அதைச் சில வாரங்களாகவே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முழுசாப் போடுவீங்களா?"

"முழுசாப் போட்டா தபால்காரனுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும். தம்பி சுருக்குவாரு. பேப்பர்ல வேற என்ன வேல அவருக்கு?"

"இவரு சுருக்குனா எம் புருசனுக்கே என்னய அடையாளம் தெரியாது."

மூவரும் சிரித்தோம். அவர் சம்மதித்தார். வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

செய்தி மேசையில் முதலில் கற்றுத்தரும் பாடம், கீழிருந்து வெட்டு என்பது. நிருபர் முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். இறங்க இறங்க முக்கியம் குறையும். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து எடுக்கலாம், யோசிக்கவே வேண்டாம். திரட்டிலும் நான் அதையே செய்தேன். அக்காவின் தாளில் முதலில் போனது நாலாம் பக்கம். அதில் அச்சிட எழுத்தே இல்லை. அப்புறம் மூன்றாம் பக்கத்தின் அடிப்பகுதி. எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்பதை ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் பொடி எழுத்தில் போடுவோம். இடம் நெருக்கினால் அதுவும் போகும்.

திரட்டு வெற்றி பெற்றது. சொந்தமாகத் தாள் கொடுத்த யாருக்கும் அத்தனை வாசகர்கள் இருந்ததில்லை. அங் மோ கியோவிலிருந்து ஒருவர், 'இனி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு மிச்சம்' என்று எழுதினார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சுப் பள்ளியின் சுவரில் ஒட்டி வைத்தோம்.

ஓராண்டுக்குள் அக்கா ஒரு மாலை வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தார். வாசலில் இன்னமும் தாள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"குடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க தம்பி. 'வேணாங்கா, திரட்டுல வந்துரும்'னுட்டுப் போயிடுறாங்க. நாலாம் பக்கம் போன தடவ ரெண்டு வந்துச்சு. இந்தத் தடவ ஒண்ணுகூட இல்ல. இப்பிடியே போனா தாளு நின்னுரும்."

நான் முகவரி அட்டைகள் இருந்த பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "முன்னவிட எத்தன பேர் படிக்கிறாங்க பாருங்க அக்கா."

அவர் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குடியிருப்புக்காரர்கள் பலருடைய புது முகவரிகள் அதில் இருந்தன. சிலருடையது அவருக்கே தெரியாது. "நம்ம பச்சக் கதவுக்காரரு பெடோக்ல இருக்காரா?" என்றார். பிறகு, "இவுங்கள்ல யாரு என்னயப் படிச்சாங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும்தான்."

"எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. தபாலில் போட்டது மட்டும்தான் தெரியும்.

அவருக்காக அடுத்த திரட்டில் அரைப் பக்கத்தை வெற்றாக விட்டோம். நான்கு திரும்பி வந்தன. ஒன்றில் எழுத்து பொடியாக இருக்கிறது என்ற புகார். ஒன்றில் முகவரி மாற்றம். ஒருவர் முடிதிருத்தகத் துணுக்குகளை இன்னும் கூடுதலாகப் போடச் சொன்னார். நாலாவது, பாராட்டு. ஒற்றைச் செருப்பைப் பற்றிய பகுதி மிக அருமை, திரட்டு ஆசிரியருக்கு நல்ல கை என்று எழுதியிருந்தது. எழுதியவர் அதே குடியிருப்பில் அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்ற பொடி எழுத்துக் குறிப்பை நான் அந்த இதழில் வெட்டியிருந்தேன்.

அதை அக்காவிடம் காட்டினேன். மறைத்திருக்கலாம். "நல்லாருக்குன்னு சொல்லியிருக்காரே, அது போதும்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அரைப் பக்கம் அடுத்த முறை துணுக்குகளுக்குப் போனது.

அதற்குப் பிறகும் அவருடைய தாள் சில மாதங்கள் வந்தது. வழக்கம்போல் வெட்டினேன். பிறகு ஒரு முறை வரவில்லை. தாமதம் என்று நினைத்தோம். அந்த இடத்தில் கொசு ஐயாவின் பகுதியைச் சற்று நீளமாகப் போட்டோம். அடுத்த முறையும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெட்டியில் இருந்த அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாளிதழில் அப்போது வேலை அதிகம்.

இரண்டு மாதம் கழித்து நண்பர் பழைய மூலத் தாள்களைத் தூக்கிப் போடுவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார். மேலாக இருந்தது அக்காவின் கடைசித் தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் என் நீலப் பென்சில் கோடு. கோட்டுக்குக் கீழே, நான் வாசிக்காமலே வெட்டிய பத்தி இருந்தது.

'நாலாம் பக்கங்கள் வருவது நின்றுவிட்டது. நான் எழுதுவது யாருக்காவது வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் பூசை முடிந்து பதினொரு மணி வரை வாசலில் நிற்பேன். வேண்டும் என்பவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுத வேண்டாம், சொன்னால் போதும். யாரும் வராவிட்டால் இதுவே கடைசித் தாள்.'

அவர் எப்போதும் சொல்ல வேண்டியதைக் கடைசியில்தான் சொல்வார். பல ஆண்டுகள் அவரைப் படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர் வாசித்துவிட்டுக் கட்டின் கயிற்றை அவிழ்த்து அந்தத் தாளை மட்டும் வெளியே எடுத்தார். அவர் கேலி செய்யாத ஒரே நாள் அது.

அடுத்த சனிக்கிழமை கிளமெண்டிக்குப் போனேன். வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மகளுக்கு ஈசூனில் வீடு கிடைத்திருந்தது. அக்காவும் கணவரும் அங்கே போகிறார்கள். அக்கா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். பென்சில் கோடு போட்ட தாளை நான் மேசையில் வைத்தேன்.

"நாந்தான் வெட்டினேன் அக்கா."

"தெரியும். திரட்டு வந்தப்பவே பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மறு இதழ்லயே போட்டிருப்பேன்."

"எழுதுனத வெட்டுவாங்கன்னு தெரிஞ்சுதானே குடுத்தேன்." தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ரெண்டு ஞாயிறும் நின்னேன் தம்பி. மொத ஞாயிறு மழ. சரி, மழைன்னு நெனச்சேன். ரெண்டாவது ஞாயிறு நல்ல வெயிலு" என்றார்.

"வாசல்ல நீங்க கையில குடுத்த தாள்ல அந்தப் பத்தி இருந்துச்சே?"

"வாங்குனவங்க நாலு பேரு. அதுல ஒருத்தருக்குத் தமிழ் படிக்க வராது. என் கை வலிக்கக் கூடாதுன்னு வாங்கிக்குவாரு."

திரட்டின் முதல் பக்கத்தில், உச்சியில், அந்தப் பத்தியை முழுதாகப் போடுகிறேன் என்றேன். புது ஞாயிறு குறிப்போம் என்றேன்.

"போடுறதுன்னா போடுங்க. நான் நிக்கப் போறதில்ல. ஈசூன்லேர்ந்து அங்க வர ரெண்டு பஸ்ஸு மாறணும்." கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்படியே எங்க புது அட்ரஸ் எழுதிக்குங்க. திரட்ட அங்க அனுப்புங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பார்பர் அண்ணனோட துணுக்கு இல்லாம முடியாது."

"நீங்க?"

"நானுந்தான். பார்பர் கடப் பக்கம் போயே வருசமாச்சு. நீங்க அனுப்புறதத்தான் படிக்கிறேன்."

பிளாக் எண்ணையும் மாடி எண்ணையும் எழுதிக்கொண்டேன்.

பத்தியை வாக்களித்தபடி முதல் பக்கத்தின் உச்சியில் போட்டோம். ஒரு சொல்கூட வெட்டவில்லை. ஞாயிறு எதையும் குறிக்காமல், பதில் எழுத எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தோம். மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரு கடிதம் வந்தது. சந்தாதாரர் ஒருவர், முதல் பக்கத்தில் வழக்கமாக வரும் துணுக்குகள் ஏன் உள்பக்கத்துக்குப் போயின என்று கேட்டிருந்தார்.

அடுத்த இதழில் துணுக்குகளை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தோம். வடக்கே போகும் கவர்களின் கட்டில் ஈசூன் கவர் ஒன்று சேர்ந்திருந்தது. நான்தான் அதைத் தபால்பெட்டியில் போட்டேன்.