பேணாட் வீட்டுக் கடல்

பேணாட் காய்ந்த கூனி இறால் தூளில் ஒரு சிட்டிகையை மீன்தொட்டிக்குள் போட்டுவிட்டு, கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து நிற்கிறார். தூள் சுற்றிக்கொண்டே போனால் சந்தோஷம். ஏதாவதொரு மூலையில் போய்ப் படுத்துவிட்டால், "அதிலை தண்ணி செத்துப்போச்சு" என்று சொல்லி, பம்பின் வாயை அரை அங்குலம் திருப்புவார். வேலைக்குப் போகுமுன் தினமும் இது நடக்கும். அதற்குள் தேநீர் ஆறிவிடும். அதைத் திரும்பச் சூடாக்குவதை அவர் மனைவி அருள்மலர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சுற்றுகிறவர் அவர். எரிந்துபோன மோட்டாரின் கம்பியை உருவி, புதுக்கம்பி சுற்றித் தருவது தொழில். வீட்டு விறாந்தையில் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல்நீர், கொஞ்சம் மீன், உயிருள்ள பவளமான முருகைக்கல். தண்ணீர் நின்றால் முருகை செத்துவிடும் என்பதால் அவரே சுற்றிய பம்பு இரவு பகலாக ஓடுகிறது. ஏற்ற இறக்கம் இல்லாத ஓட்டம். அதில் அவருக்குப் பெருமை அதிகம். "மோட்டார் எண்டால் ஒரே சீராய் ஓடவேணும். விட்டுவிட்டு ஓடினால் அது வருத்தக்காரன், மருந்துக்குத்தான் போகவேணும்" என்பார்.

கடல்நீர் கொண்டுவருவது தனிப் பாடு. கலன் நிறைய என்ன என்று சோதனைச் சாவடியில் கேட்பார்கள். கடல் தண்ணீர் என்றால் நம்பமாட்டார்கள். ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். குடித்துக் காட்டுவார். உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருப்பதை அவர்களிடம் சொல்வதில்லை.

தொட்டியின் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு முருகை இருக்கிறது. அதன் மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் விரியவேண்டும். எட்டு மாதமாக விரியவில்லை. ஓரம் வெளுக்கவும் தொடங்கிவிட்டது. தண்ணீருக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடாமல் துறைமுகத்தில் கடற்படை வெடி போடும்போதெல்லாம் தொட்டிக் கண்ணாடி அதிரும். பேணாட் பழியை அந்த வெடியின் மேலேயே போட்டார். "இது செத்தால் இன்னொண்டு இல்லை. எங்களை ஆழக் கடலுக்கை இறங்கி எடுக்க விடுகினமோ?" என்றார், பின்வீட்டில் இருக்கும் என்னிடம். மனிதருக்கே உத்தரவாதமில்லாத ஊரில் ஒரு கல்லுக்காக அவர் இப்படி அங்கலாய்த்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது.

இப்படியிருக்கையில் ஒருநாள் ஊரடங்கு போட்டார்கள். கூடவே மின்சாரமும் போனது. பம்பு நின்றது. பேணாட் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தகரப்பேணியால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி அதற்குள்ளேயே ஊற்றத் தொடங்கினார். அவர் கை ஓய்ந்ததும் அருள்மலர். வேலிப் பொட்டால் புகுந்து எட்டிப்பார்க்கப் போன நானும் தப்பவில்லை. "வந்தனீங்கள், இருந்து ஒரு பத்து நிமிசம் ஊத்துங்கோ" என்று பேணியை நீட்டினார். பக்கத்து வீட்டுச் சுபைதா சீனி கேட்டு வந்தவர். அவருக்கும் ஒரு முறை ஒதுக்கப்பட்டது.

நாங்கள் ஊற்றிய விதம் பேணாட்டுக்குப் பிடிக்கவேயில்லை. அருள்மலர் கோபத்தோடு ஊற்றுவார். நான் நாலு தரம் ஊற்றிவிட்டுக் கை மாற்றுவேன். சுபைதா ஊர்க்கதை ஏதும் சொல்லத் தொடங்கினால் பேணி அந்தரத்தில் நின்றுவிடும். கதை ஓய்ந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துச் சளார் சளாரென்று ஊற்றுவார்.

"ஒரு சீராய் ஊத்துங்கோ தங்கச்சி" என்று சுபைதாவிடம் கெஞ்சினார் பேணாட்.

"சீராய் ஊத்துறத்துக்கு நான் என்ன மிசினா, அண்ணன்?"

மூன்றாம் நாள் மத்தியானம் சுபைதாதான் முதலில் கண்டார். "அண்ணன், உங்கட கல்லுல என்னவோ முளைக்குது" என்றார்.

கத்தரிப்பூ முருகை விரல் விரலாக விரிந்து, சுபைதா விட்டுவிட்டு ஊற்றிய தண்ணீருக்கு ஆடிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே" என்றார் அருள்மலர். மூன்று நாள் கோபத்தை அவர் முகத்தில் காணவில்லை. பேணாட் கதிரை நுனியில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அந்நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. அவர் சுற்றிய பம்பு ஒரு குறையும் இல்லாமல், ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முருகையின் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

பேணாட் எழுந்து போய்ப் பம்பின் பிளக்கை உருவி எடுத்தார். திரும்பி வந்து பேணியைச் சுபைதாவிடம் நீட்டி, "நீங்கள் அந்தக் கதையை விட்ட இடத்திலையிருந்து சொல்லுங்கோ" என்றார்.