கை கட்டப்பட்ட பெண்ணும் ரோமப் பேரரசனும்: டவுண்டவுன் பழங்காசுச் சந்தைக்கு ஒரு பயணம்

போன மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் டவுண்டவுன் ஹோட்டல் ஒன்றில் பழங்காசுச் சந்தை நடந்தது. எனக்குக் காசுப் பைத்தியம். செலவழிக்கிற காசில்லை, மண்ணுக்குள் கிடந்த காசு! தம்பி ரமணனையும் இழுத்துக்கொண்டு போனேன். போர் முடிந்து கைக்குழந்தையோடு வவுனியா முகாமில் இருந்துவிட்டுக் கனடா வந்தவன். அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. நான் இங்கே சுகமாக இருந்த அக்கா, கேட்கப் பயம். வெளியே கூட்டிப்போனாலாவது வாய் திறப்பான் என்ற நப்பாசைதான்.

நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து வோர்டன் பஸ், பிறகு சப்வே, யூனியன் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. மொத்தம் ஒன்றேகால் மணித்தியாலம். பிரெஸ்டோ பயண அட்டையில் ஒரு வழிக்கு மூன்று டொலர் முப்பது சதம், நுழைவு ஏழு டொலர். கார் வேண்டாம், பார்க்கிங் காசில் ஒரு ரோமக் காசே வாங்கலாம்.

கண்ணாடிக்குள் பார்த்தே பழகியவள் நான். காசு விற்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சின்ன வெண்கலக் காசொன்றை என் கையிலேயே வைத்தார். ஒரு பக்கம் பேரரசன் டைட்டஸின் தலை. மறுபக்கம் வெற்றிச் சின்னம். அதன் அடியில் கை பின்னால் கட்டப்பட்டு ஒரு பெண் குந்தியிருக்கிறாள். அவள்தான் யூதேயா, ரோமிடம் தோற்ற யூதர்களின் நாடு. ரோமில் அடித்ததல்ல, அந்த நாட்டிலேயே அடித்து அந்தச் சனத்திடமே புழங்க விட்டது என்று கிழவர் விளங்கப்படுத்தினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாடி, என்ன மூளை! சந்தைக்குப் போகிறவனின் மடியிலேயே ‘நீ தோற்றவன்’ என்று கட்டி விட்டிருக்கிறான். இரண்டாயிரம் வருசத்துக்குக் கிட்ட ஆகியும் அவளுடைய குனிந்த தலை தெளிவாகத் தெரிகிறது.

ரமணன் என் கையிலிருந்து காசை எடுத்து நெடுநேரம் பார்த்தான்.

“பிடிக்காட்டி அந்தச் சனம் இந்தக் காசை வாங்காமல் விட்டிருக்கலாமே” என்றேன், விசரி மாதிரி.

“எப்பிடியக்கா விடுறது? முகாமில இருக்கேக்க, யுத்தம் வெண்டதுக்கெண்டு புது ஆயிரம் ரூபாய்த் தாள் வந்தது. ஒரு பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஜனாதிபதி. மற்றப் பக்கம் கொடி ஏத்திற ஆமிக்காரர். பிள்ளைக்குப் பால்மா வேணும், வேற காசில்லை.”

இத்தனை வருசத்தில் அவன் முகாமைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் முறை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், கையில் தருவார்கள். ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். வாங்காவிட்டாலும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

மிச்சத்தை அவன் திரும்பி வரும்போது சப்வேயில் சொன்னான்.

“அந்தத் தாளைப் படம் தெரியாத மாதிரிச் சின்னனா மடிச்சுத்தான் குடுத்தனான். கடைக்காரன் விரிச்சு, கள்ளத்தாளோ எண்டு வெளிச்சத்தில பிடிச்சு, ரெண்டு பக்கமும் வடிவாப் பாத்திட்டுத்தான் பால்மா தந்தவன்.”