வலிப்பு நின்ற பிறகு

சாரதாமணியின் உள்ளங்கையில் ஒரு சுண்டெலி செத்துக்கொண்டிருந்தது.

அவிநாசிக்கு அப்பால் உள்ள மருந்து ஆராய்ச்சிக் கல்லூரி ஒன்றின் எலிக்கூடத்தில் அவளுக்கு வேலை. கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும். முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமல் விடாமல் பிடித்துக்கொண்டதால், அதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தாள். எலிகளோடு என்ன பெரிய கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். விதி அவளுக்காக அங்கே காத்திருந்ததை அவள் அறியவில்லை.

அவை பலமான மணிச்சத்தம் கேட்டால் வலிப்பு வந்துவிடும் இனத்தைச் சேர்ந்த எலிகள். மணி அடித்ததும் பித்துப் பிடித்தது போல் சுற்றிச் சுற்றி ஓடும், விழும், கால்களை விறைத்து நீட்டும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். அப்போதுதான் ஆபத்தே தொடங்குகிறது. சில எலிகளுக்கு அந்த அமைதியில் மூச்சு நின்றுபோகும். இதயம் மட்டும் இன்னும் சற்று நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் மூக்கருகே குழாயை வைத்துக் காற்றைச் செலுத்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இந்த எலி பிழைக்கவில்லை. ஆராய்ச்சி செய்யும் டாக்டர் விஜயகுமாரி குழாயை எடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

சாரதாமணி வாய்விட்டு அழுதாள்.

"என்னக்கா, புதுசா பார்க்கற மாதிரி அழறீங்க?" என்றார் டாக்டர்.

"மேடம், எம்பட பொண்ணுக்கும் இதே வலிப்புதானுங்க. ஆட்டம் நின்னுருச்சுன்னா கண்டம் தாண்டிருச்சுன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தனுங்க. இன்னிக்கு எங் கையிலயே மூச்சு நின்னப்பத்தானுங்க உறைச்சுது. அப்ப அவளுக்கும் இப்பிடி ஆயிருமுங்களா?"

விஜயகுமாரி திகைத்துப் போனார். அந்தத் தாயிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ரொம்ப அபூர்வம்க்கா. ஆனா நடக்கறதுண்டு. நல்லா இருந்தவங்க வலிப்புக்கு அப்புறம் தூக்கத்திலேயே போயிருக்காங்க. ஏன் அப்படி ஆகுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேர் பாடுபடறோம். மனுஷனை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்க்க முடியாதில்லையா? அதனாலதான் இந்தச் சின்ன உயிருங்க."

சாரதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பார்வை அலமாரிப் பக்கம் போயிற்று. மூச்சு நின்றுபோவதைத் தடுக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் மருந்து அங்கே இருந்தது. அதைக் கொடுத்த எலிகளில் பல பிழைத்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

"அதுல துளி குடுங்க மேடம். உங்க காலுல வேணும்னாலும் விழறனுங்க."

"கூடாதுக்கா." டாக்டரின் குரல் கண்டிப்பாக இருந்தது. "எலிக்கு ஒத்துக்கிட்டது உங்க பொண்ணுக்கு ஒத்துக்கும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அவ டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைதான். ஒருவேளைகூட விடக்கூடாது. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். நின்ன பிறகு குப்புறக் கிடக்க விடக்கூடாது. முழுசா நினைவு வர்ற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கணும். இன்னிக்கு நாம நிச்சயமா செய்யக்கூடியது இதுதான்."

பக்கத்தில் ஆள்! அந்த வார்த்தையைச் சாரதாமணி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் மகள் நித்யஸ்ரீக்கு வீடே சிறையானது. இருபத்திரண்டு வயதுப் பெண், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தால் கை பறக்கும். அப்படிப்பட்டவளைக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டாள் தாய். தகப்பன் கந்தப்பன் லாரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பவன். பகலில் பக்கத்து வீட்டுப் பழனாயி காவல். இரவில் மகளின் முதுகில் கை வைத்தபடியே தாய் படுத்திருப்பாள். மூச்சு ஏறி இறங்குவதை அந்தக் கை எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை நித்யஸ்ரீ வெடித்தாள்.

"ஏம்மா, என்னையும் எலியாட்டம் கூண்டுல போட்டு வெச்சிட்டியா? தீனி வெக்கற, தண்ணி வெக்கற. மரத்தூள் மட்டுந்தான் பாக்கி!"

"கண்ணு, அப்பிடிப் பேசாத. உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் உசுரோட இருப்பனா?"

"எனக்கு ஏதும் ஆவாம இருக்கறதுக்காக நான் ஏதும் செய்யாம இருக்கோணுமா? இப்பிடி இருக்கறதுக்கு நான் போயிட்டாத்தான் என்ன?"

சாரதாமணி சுவரோடு சாய்ந்துவிட்டாள். சாவிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, மகள் வாயாலேயே சாவைக் கேட்கும்படி செய்துவிட்டோமே! அன்று முழுவதும் யோசித்தாள். பக்கத்தில் ஆள் வேண்டும் என்றுதானே டாக்டர் சொன்னார்? அந்த ஆள் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே!

அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் நித்யஸ்ரீ முன்பு வேலை பார்த்த கம்பெனிக்குப் போனாள். முதலாளி கன்னையனிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி, மகளை மறுபடி வேலைக்குச் சேர்த்தாள். டீ நேரத்தில் தையல் லைனில் இருந்தவர்களிடம் பேச அனுமதி வாங்கினாள். நடுக்கூடத்தில் தானே தரையில் படுத்து, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று காட்டினாள்.

கையில் டீ டம்ளரோடு பெண்கள் சிரித்தார்கள். இராமநாதபுரத்திலிருந்து வந்து திருப்பூரில் குடியேறிய டெய்லர் சீனியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏத்தா, எலிக்குக் காக்கா வலிப்பு வந்தா அது கையிலயும் சாவிக்கொத்து குடுப்பாகளா?"

கூடமே குலுங்கிச் சிரித்தது.

"இரும்பு ஒண்ணும் பண்ணாதுங்க. எலிக்கும் பண்ணாது, மனுசனுக்கும் பண்ணாது," என்றாள் சாரதாமணி, படுத்தபடியே. "ஆட்டம் நிக்கற வரைக்கும் எல்லாரும் சுத்தி நிப்பாங்க. நின்னதும் கலஞ்சு போயிருவாங்க. அப்பத்தானுங்க ஆள் வேணும். மூச்சு இருக்குதான்னு பாருங்க. எம்பட பொண்ண உங்ககிட்ட உட்டுட்டுப் போறனுங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. சிரிப்பு நின்றது. சீனியம்மாள் மட்டும் விடவில்லை. "சரிதான், எந்திரி மதினி. சேலையெல்லாம் அழுக்காகுது," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

சில வாரங்கள் நன்றாகவே போயின. நித்யஸ்ரீயின் முகத்தில் பழைய களை திரும்பியது. பிறகு ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தது. ஓவர்டைமில் தூக்கம் கெட்டது. ஒரு நண்பகலில், மெஷினுக்குப் பக்கத்திலேயே அவள் சாய்ந்தாள்.

ஓடிவந்தவர்கள் சொன்னபடிதான் செய்தார்கள். ஸ்டூல்களை அப்புறம் தள்ளி, அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்கள். உதறல் நின்றது. நித்யஸ்ரீ துவண்டுபோய்க் கிடந்தாள். அங்கேதான் அவர்களுடைய அன்பே தவறு செய்தது.

கட்டிங் பகுதியின் மூலையில் வேஸ்ட் துணி மலையாகக் குவிந்திருக்கும். பனியன் கம்பெனியில் அதைவிட மெத்தென்ற இடம் கிடையாது. தலைவலி என்றாலும், இடுப்பு வலி என்றாலும் எல்லோரும் போய்ச் சாய்வது அதன் மேல்தான். "பாவம், வெறுந்தரையில கெடக்கறா," என்று நாலு பேர் தூக்கிப் போய் அந்தக் குவியலில் படுக்க வைத்தார்கள். "அசந்து தூங்கறா. யாரும் எழுப்பாதீங்க," என்றார்கள். ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு மெஷின்களுக்குத் திரும்பினார்கள். நினைவில்லாத அந்த உடல் மெதுவாகப் புரண்டது. மென்மையான துணிக்குள் முகம் புதைந்தது.

தையலைத் தொடங்கிய சீனியம்மாளின் கை நின்றது. தரையில் படுத்துக்கொண்டு பேசிய அந்தத் தாயின் குரல் காதில் ஒலித்தது. நின்னதும் கலஞ்சு போயிருவாங்க.

"அடி பாவிகளா! அப்பத்தானே ஆளு வேணும்னு சொன்னா!"

ஓடினாள். நித்யஸ்ரீயின் முதுகு அசையவில்லை. தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் ஒருக்களித்துப் போட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "நூத்தியெட்டுக்கு அடிங்கடி!" என்று அலறிக்கொண்டே வாயிலிருந்த எச்சிலை வழித்துவிட்டு, முதுகைப் பலமாகத் தேய்த்தாள், உலுக்கினாள். "ஏத்தா நித்யா! மூச்சு விடு! உங்காத்தா உன்னைய எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காடி, மூச்சு விடு!"

ஒரு யுகம் போல் கழிந்த அந்தக் கணத்துக்குப் பிறகு, நித்யஸ்ரீயின் நெஞ்சு விம்மி எழுந்தது. ஒரு நீண்ட மூச்சு உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று.

எலிக்கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மாலையில் வெளியே வந்து சாரதாமணி போனை எடுத்தபோது, கம்பெனியிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. கடைசி அழைப்பு சீனியம்மாளின் போனிலிருந்து. அதை அழுத்தினாள்.

"அம்மா, நாந்தான்." மகளின் குரல் சோர்ந்திருந்தது, ஆனால் அது அவளுடைய குரல்தான். "ஆஸ்பத்திரில இருக்கறேன். பயப்படாத. சீனிக்கா பக்கத்துலயே இருக்காங்க. டீ கூட வாங்கிக் குடுத்துட்டாங்க."

சாரதாமணி அங்கேயே படியில் உட்கார்ந்து விம்மினாள். விஜயகுமாரி பதறி ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் கண்களும் கலங்கின. டாக்டரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மருத்துவர்கள் மாத்திரையின் அளவை மாற்றினார்கள். ஓவர்டைம் கூடவே கூடாது என்றார்கள். கன்னையன் அதற்கு ஒப்புக்கொண்டார். நித்யஸ்ரீ வீட்டில் ஓய்வெடுத்தாள். தாய் என்ன முடிவெடுப்பாளோ என்று தெருவே பார்த்திருந்தது. இனி அந்தப் பெண் வாசலைத் தாண்டமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை சாரதாமணியே மகளின் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினாள். கம்பெனி வாசலில் சீனியம்மாள் நின்றிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு வடநாட்டுப் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளைத் தமிழோடு கலந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"இதர் பாரு. ஆட்டம் பந்த், நின்னு போச்சு, புரியுதா? பந்த் ஆனதும் நீ போகக் கூடாது. நஹி! பக்கத்துல உக்காரு. மூக்குல கை வெச்சுப் பாரு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நித்யஸ்ரீயும் சிரித்தாள்.

சாரதாமணி டிபன் பாக்ஸை மகளிடம் கொடுத்தாள். "போயிட்டு வா கண்ணு," என்றாள். நித்யஸ்ரீ உள்ளே போனதும், சீனியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எதுக்கு மதினி கும்புடு? உன் எலிகளைப் போய்ப் பாரு, பஸ்சு போயிரப் போகுது."

சாரதாமணி திரும்பி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.