எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் வரைந்தவர்

தேவநாதன் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவர் வீட்டாரும் இல்லை, நம் அலுவலகத்து ஆட்களும் இல்லை. அஞ்சலாட்சி சொன்னார். ரெட்டியார்பாளையம் காய்கறிக் கடையில் நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "சாரு பூட்டாரும்மா. காத்தால காப்பி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தவரு, அப்பிடியே பூட்டாராம். எதுனா ஒண்ணுன்னா உங்களக் கூப்புடச் சொல்லி இந்த நம்பர எழுதிக் குடுத்திருந்தாரு. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார். யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

அஞ்சலாட்சி யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவளக்குப்பத்திலிருந்து மேற்கே போகும் சாலையில், புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் இடத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவர். கனகாம்பரமும் கத்தரியும் போட்டுப் பிழைத்தவர். நம் அலுவலகம் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையால் அந்தக் கிணறு கெட்டது. அதற்கு வரைபடம் போட்டவர் தேவநாதன் சார். தட்டச்சு செய்தவள் நான்.

பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்கப்போகும் சிறு நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் நாலு நல்ல வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

மலரைப் படிக்கப்போகும் வெளியாட்களுக்காக நம் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிராமங்களில் சிறுதொழில் தொடங்க வருகிறவர்களுக்கு வங்கிக்கும் அனுமதிக்கும் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்போம். எண்ணெய்ச் செக்கு, ஹாலோ பிளாக், பேக்கரி, ஊதுபத்தி, பிளாஸ்டிக் குடம் என்று எது வந்தாலும் அறிக்கை ஒரே மாதிரிதான் இருக்கும். பெயரை மாற்றினால் போதும். உரிமையாளரை நாம் எல்லோரும் பிரெஞ்சு பாணியில் 'முசே', அதாவது 'ஐயா', என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பா பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பூகோளம் படித்து, டுட்டோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்த தேவநாதன் சாரை வரைபடம் போடுவதற்காக முசே கூட்டி வந்தார். பெயரை மாற்றினால் போதாது என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

இடம் பார்க்கப் போனால், அறிக்கை கேட்டு வந்த கட்சிக்காரரோடு பேசவே மாட்டார். நேராகப் பக்கத்து வயலுக்குப் போய்விடுவார். "எடத்துக்காரன் எடத்தப் பத்தி பொய் சொல்லுவான் கலா. பக்கத்துல இருக்கறவனக் கேளு" என்பார். ஒருமுறை ஹாலோ பிளாக் போட வந்த ஒருவர், "இங்க தண்ணியே நிக்காது சார்" என்று அடித்துச் சொன்னார். இவர் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், "மழ பேஞ்சா எத்தினி நாளு நிக்கும்?" என்று கேட்டார். அந்த அம்மா நாளைச் சொல்லவில்லை, புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். தரையை உயர்த்தாமல் படம் தர மாட்டேன் என்று சார் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரர் அலுவலகத்துக்கே வந்து கத்திவிட்டுப் போனார். ஐப்பசி அடைமழை முடிந்ததும் அதே மனிதர் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். சார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "மீதிய ஆட்டுக்காரம்மாட்ட குடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். டப்பா போய்விட்டதே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நம் ஊரின் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலி கடித்த துணி மாதிரி இருக்கும். பத்து நிமிடம் வண்டியில் போனால் இரண்டு தடவை தமிழ்நாட்டுக்குள் போய் இரண்டு தடவை திரும்பி வரலாம். சாருக்கு அதில் ஒரு குஷி. பெஞ்சு அந்தப் பக்கமும் அடுப்பு இந்தப் பக்கமுமாக ஒரு டீக்கடை உண்டு. "நம்ம ஊருல போட்ட டீய வெளியூருல போயி குடிக்கிறோம் பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்வார்.

அந்த எல்லையால் நம் அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நம் பக்கத்து நிலத்துக்கு கதாஸ்தர் எண் இருக்கும். பிரெஞ்சுக்காரன் அளந்து வைத்த கணக்கு அது. கையில் பிரதியும் உண்டு. எல்லையைத் தாண்டினால் வேறு தாலுகா, வேறு பதிவேடு, வாரக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் வரைபடத்தில் எல்லைக்கோடு வரைக்கும் எல்லாம் இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக விட்டு, 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதுவோம். வீடு, மரம், குளம் எதுவும் அங்கே இருக்காது. அதை யாரும் கேட்டதும் இல்லை. அறிக்கையில் 'அருகில் குடிநீர்க் கிணறு உண்டா?' என்று ஒரு கேள்வி வரும். நம் பக்கம் இல்லையென்றால் 'இல்லை' என்று தட்டச்சு செய்வேன். நாங்கள் பொய் சொல்வதாக எங்களுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்படித்தான் அந்த முலாம் பட்டறைக்கும் செய்தோம். மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்களுக்குப் பளபளவென்று குரோம் முலாம் பூசும் பட்டறை. இடம் பார்க்க அன்று நானும் சாரோடு போயிருந்தேன். பட்டறைக்கு ஒதுக்கிய மனையின் கிழக்கு ஓரத்தில் ஒரு வண்டிப்பாதை. அதுதான் எல்லை. பாதையைத் தாண்டியதும் அஞ்சலாட்சியின் கிணறு. சார் தன் நோட்டில் பென்சிலால் அந்தக் கிணற்றை வட்டம் போட்டுக் குறித்தார். "இங்க தண்ணி மேக்கேருந்து கெழக்கதான் போவும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அலுவலகத்தில் நல்ல பிரதி போட உட்கார்ந்தவர், எல்லைக்கோடு வரைந்த பிறகு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அறிக்கையை வாங்க ஆள் வந்து காத்திருந்தார். முசே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்கு பஸ் பிடிக்கும் அவசரம்.

"இந்தக் கெணறு…" என்று சார் ஆரம்பித்தார்.

"அது அந்தப் பக்கம்தான சார்? எப்பவும் போடுற மாதிரி போட்டு உட்டுடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு 'தமிழ்நாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் 'இல்லை' என்று அடித்தேன். அன்று எனக்கு பஸ் கிடைத்தது.

அஞ்சலாட்சி ஒரு பாட்டிலோடு அலுவலகத்துக்கு வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பட்டறை தொடங்கி இரண்டாவது வருடம். பாட்டிலில் இருந்த தண்ணீர் வெளுத்த மஞ்சளாக இருந்தது. "மாடு மோந்து பாத்துட்டு திரும்பிக்கிதுங்க. நாத்து கருவுது. உங்க படத்துல எங் கெணறே இல்லன்னு சொல்றாங்களே, நான் எங்க போவேன்?" என்று கேட்டார். முசே உள்ளே போய்விட்டார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவநாதன் சார் எழுந்து அவர் முன்னால் போய் நின்று, "நான்தாம்மா உட்டுட்டேன். பாத்துட்டுதான் உட்டேன்" என்றார். கலா சொல்லித்தான் விட்டேன் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று அன்று பயந்தேன். அவர் சொல்லாதபோது வந்த நிம்மதியை இன்று நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்த மாதமே வேலையை விட்டார். அதன்பிறகு அவர் செய்ததை உங்களில் பலர் 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று பேசினீர்கள். நானும் தலையாட்டினேன். அவர் செய்தது இவ்வளவுதான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்து ஒரு புதிய படம் வரைந்தார். பட்டறை, கழிவு விட்ட குழி, வண்டிப்பாதை, கிணறு, நிலம் சரியும் திசை எல்லாம் ஒரே தாளில். அதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனால், கிணறு எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனால், பட்டறை எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். வாரம் தவறாமல் தன் பழைய மொபெட்டில் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி வைத்தார். கடைசியில் அஞ்சலாட்சியை வழக்குப் போட வைத்தார்.

வழக்கில் பட்டறைக்காரர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார். நாங்கள் வந்தபோது அங்கே கிணறே கிடையாது, நஷ்டஈட்டுக்காகப் பின்னால் தோண்டியது என்றார். சாட்சிக்கு அவர் நீட்டியது நம் வரைபடத்தை. வெள்ளையாக விட்ட அந்த இடத்தை.

அப்போதுதான் சார் என் வீட்டுக்கு வந்தார். "கெணறு அன்னைக்கே இருந்துது, நானும் பாத்தேன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு கலா. நான் ஒருத்தன் சொன்னா, வேலைய உட்டவன் கோவத்துல சொல்றான்னு தள்ளிடுவாங்க" என்றார். நான் இன்னும் அதே அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள். "பொண்ணு கல்யாணம் முடியட்டும் சார்" என்றேன். "சரிம்மா" என்றார். கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார், வத்தக்குழம்பைப் பாராட்டினார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் எடுப்பேன் என்று காத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றே தெரியும். பேத்தி பிறந்த பிறகும் நான் எடுக்கவில்லை.

இதோ வரப்போகும் அடுத்த மாத விசாரணையில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அஞ்சலாட்சி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கனகாம்பரம் கொஞ்சமாவது விளைந்த வரைக்கும் சார் வீட்டுக்குச் சரம் கட்டிக்கொண்டு வருவாராம். இப்போது கடையில் வாங்கிய மாலையோடு வந்திருந்தார். "இத்தினி பேரு படம் போட்டாங்க, கையெழுத்து போட்டாங்க. தப்பு பண்ணிட்டேன்னு எம் மூஞ்சியப் பாத்து சொன்னது இவரு ஒருத்தர்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன்.

பாடையைத் தூக்கிய பிறகு பெண்கள் மட்டும் இருந்தோம். அஞ்சலாட்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படியோ சொன்னேன். "அன்னைக்கு அந்தக் கெணத்த நானும் பாத்தேன். சாரு போடப் போனாரு, நான்தான் வேணாம்னேன். வெசாரணைக்கு நான் வர்றேன்."

அஞ்சலாட்சி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "வாங்க" என்றார். பிறகு, "இத அவரு இருக்கசொல்ல சொல்லியிருந்தா, மனுசன் ஒண்டியா அலஞ்சிருக்க மாட்டாரேம்மா" என்றார்.

இதை மலரில் போடுவீர்களா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டாலும் இதில் உள்ளதைத்தான் நீதிமன்றத்தில் சொல்லப்போகிறேன். முசேயிடமும் சொல்லிவிட்டேன், நாளைக்கு என் நாற்காலி அங்கே இருக்குமா என்பது அவர் பாடு. தேவநாதன் சாரை, 'காட்டிக்கொடுத்தவர்' என்று பேசியவர்கள் இனி அந்தப் பேச்சுக்கு என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: கிணறு கெட்டுப்போனவர் முன்னாலேயே போய் நின்று 'நான்தான்' என்று சொன்ன அந்த நிற்பு. எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்கு அன்று நாலு அடி போதுமாக இருந்தது. அதன்பிறகும் ஆறு வருடம் நான் நாற்காலியிலேயே இருந்தேன்.